ரேம்ப் வாக் கற்றுக்கொள்ள எது சரி: வீடா, வகுப்பா, கல்லூரி மேடையா, தனிப் பயிற்சியா?

"காலேஜ் ஃபேஷன் ஷோவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், ஹீல்ஸ் போட்டால் கால் நடுங்குகிறது." "மாடலிங் கோர்ஸில் சேரச் சொல்கிறார்கள், ஃபீஸைக் கேட்டால் தலை சுற்றுகிறது." "யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?" ரேம்ப் பக்கம் எட்டிப் பார்க்கிற எல்லோரும் இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதில் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பது பெரிதாக மாறாது.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நடுநிலை வேஷம் போட வேண்டியதில்லை. நடை என்பது ஹீல்ஸோடு தரையில் கழித்த நேரத்தில் வருவது. காசு கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: உங்கள் தப்பைப் பார்த்த உடனே சொல்லத் தெரிந்த இன்னொருவரின் கண்ணுக்கு. மேக்கப் கிளாஸ், சர்டிஃபிகேட், போர்ட்ஃபோலியோ (மாடலின் படத் தொகுப்பு) என்று அதோடு கட்டி விற்கப்படுவதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம், ஆனால் அதற்கும் நடைக்கும் சம்பந்தமில்லை.

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் விஷயம், எந்த மேடைக்கான நடை. இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. டிசைனர்கள் தங்கள் உடைகளைக் காட்டும் ஃபேஷன் வீக் ரேம்பில் துணிதான் கதாநாயகி, நீங்கள் அதைச் சுமந்து வருகிறீர்கள். முகத்தில் சிரிப்பு கிடையாது, எடுத்து வைக்கும் எட்டு நீளம், கை ஆட்டம் குறைவு, ரேம்பின் கோடியில் ஓரிரு விநாடி நின்று திரும்பிவிட வேண்டும். அழகிப் போட்டியில் இது அப்படியே தலைகீழ். அங்கே பார்க்கப்படுவது நீங்கள், அதனால் சிரிப்பு, இடுப்பு, நடுவர்களின் கண்ணைப் பார்ப்பது, நின்று நிதானமாகச் சுழல்வது எல்லாமே மார்க். 2018 மிஸ் யுனிவர்ஸில் பிலிப்பைன்ஸின் கேட்ரியோனா கிரே மெதுவாகச் சுழன்று திரும்பிய நடைக்கு 'லாவா வாக்' என்று பெயரே வந்துவிட்டது. அதே சுழலை ஒரு டிசைனரின் ஆடிஷனில் செய்து பாருங்கள், பாதி வழியிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது ரகம், நம் ஊரில் அதிகம் நடக்கிற பட்டுப்புடவை, கல்யாண உடை, நகைக்கடை ஷோக்கள். இங்கே வேகமும் குறைவு, எட்டும் குறைவு, உடம்பில் ஏறியிருக்கிற எடைதான் கூடுதல்.

அடுத்தது, தப்பை யார் திருத்துவார்கள். அப்புறம், காலில் ஹீல்ஸோடு எத்தனை மணி நேரம் உண்மையில் நடப்பீர்கள். பிறகு, பழகும் இடம் எந்த அளவுக்கு நிஜ மேடை மாதிரி இருக்கிறது, அதாவது விளக்கு, சத்தம், கூட்டம், வழுக்கும் தரை. கடைசியாகக் காசு. வெளியே சொல்லும் ஃபீஸ் மட்டும் காசு இல்லை, பின்னால் வருகிற செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

| | தப்பைத் திருத்துவது | ஹீல்ஸில் கிடைக்கும் நேரம் | நிஜ மேடை அனுபவம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| வீட்டில் தனியாக | நீங்களே, போன் வீடியோ பார்த்து | வேண்டிய மட்டும் | இல்லை | தப்பு பழக்கமாகிவிடும் |
| கிரூமிங் (நடை, தோற்றம், பேச்சு) வகுப்பு | உண்டு, ஆனால் கூட்டத்தில் ஒருவராக | நினைப்பதைவிடக் குறைவு | இடத்தைப் பொறுத்து | போட்டோஷூட், 'பேக்கேஜ்' |
| கல்லூரி ஷோ | அணிக்கு நடக்கும், உங்கள் காலுக்கு அரிது | ரிகர்சலைப் பொறுத்து | முழுமையாக | அட்டெண்டன்ஸ், காஸ்ட்யூம் பங்கு |
| தனிப் பயிற்சி | மிக நன்றாக | குறைவு, மீதியை வீட்டில் ஈடுகட்ட வேண்டும் | பெரும்பாலும் இல்லை | ஆள் தேர்வில் கவனம் |

வீட்டில், போனை வைத்துக்கொண்டு

இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் பாதிக் கிணறு இங்கேயே தாண்டிவிடலாம்.

ஷூவில் ஆரம்பியுங்கள். முதல் நாளே நாலு அங்குல ஸ்டிலெட்டோ (ஊசி மாதிரி மெல்லிய ஹீல்) வாங்கிக்கொண்டு வராதீர்கள். இரண்டு அங்குல பிளாக் ஹீல் (கட்டையான, அகலமான ஹீல்), கணுக்காலில் ஸ்ட்ராப் வைத்தது, அதில் பழகி, கணுக்கால் ஆடாமல் நின்ற பிறகு உயரத்தைக் கூட்டலாம். வெறுங்காலோடு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியைத் தினமும், பல் தேய்க்கும்போதாவது, செய்யுங்கள். ஹீல்ஸில் தடுமாறுவது பெரும்பாலும் பயத்தால் இல்லை, கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் பலம் போதாததால்தான்.

தரைக்கு உங்கள் வீட்டு டைல்ஸே போதும். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்ட ஹால் என்றால் நடுவில் ஓடும் அந்த இணைப்புக் கோடுதான் உங்கள் ரேம்ப். கோட்டின் மேல் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு கால் வர வேண்டும், ஆனால் பின்னல் மாதிரி குறுக்கே வெட்டிக்கொண்டு போகக் கூடாது. மொட்டைமாடியில் பழகுவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சொரசொரப்பான சிமெண்டுத் தரை செருப்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், நமக்குத் தைரியம் வந்துவிட்ட மாதிரி இருக்கும், ஷோ அன்று பளபளக்கும் வினைல் ஷீட்டில் முதல் அடி வைத்ததும் அந்தத் தைரியம் போன இடம் தெரியாது.

கண்ணாடியைவிடப் போன் நல்லது. கண்ணாடி முன் நடந்தால் உங்களையே பார்த்துக்கொண்டு நடக்கப் பழகிவிடுவீர்கள், ரேம்பில் அந்தக் கண் எங்கே போவதென்று தெரியாமல் தரைக்கு இறங்கிவிடும். போனை ஹாலின் கோடியில் மார்பு உயரத்தில் நிறுத்தி, லென்ஸுக்குச் சற்று மேலே பார்வையை வைத்து நடந்து வாருங்கள். ஒரு முறை முன்பக்கம், ஒரு முறை பக்கவாட்டில், ஒரு முறை காலை மட்டும். பார்க்கும்போது சத்தத்தை முதலில் கேளுங்கள். டக் டக் என்று தரையை அறைந்தால் உடல் எடை மொத்தமாக ஹீலில் இறங்குகிறது என்று அர்த்தம். அடுத்து முழங்காலைப் பாருங்கள். ஹீல்ஸ் பழகாதவர்கள் எல்லோருக்கும் முழங்கால் மடிந்தே இருக்கும், எவ்வளவு உயரமான ஆளானாலும் பதுங்கி வருவதுபோலத் தெரியும். தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா, விரல்கள் விறைத்து நிற்கின்றனவா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

திரும்புவதைத் தனியாகப் பழகுங்கள். முன் காலில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் அடிப்பாதத்தில் எடையை வைத்து உடம்பு திரும்ப வேண்டும், தலை கடைசியாக வர வேண்டும். பலர் தலையை முதலில் திருப்பிவிடுவார்கள், உடம்பு அதைத் தேடிக்கொண்டு போகும்.

வீட்டுப் பயிற்சியின் குறை என்னவென்றால், வீடியோவில் தப்பு தெரிந்தாலும் அது ஏன் வருகிறது என்று தெரியாது. கை விறைப்பாக இருப்பதைப் பார்த்துக் கையைத் தளர்த்த முயல்வீர்கள், ஆனால் காரணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பதாக இருக்கும். இன்னொன்று, யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் நிறைய அழகிப் போட்டி நடை, அதைப் பார்த்துப் பழகிவிட்டு ஃபேஷன் ஷோ ஆடிஷனுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், கீழ்வீட்டுக்காரர் புகார். அபார்ட்மெண்டில் ராத்திரி பத்து மணிக்கு ஹீல்ஸ் பிராக்டிஸ் செய்தால் அது நிச்சயம் வரும்.

கிரூமிங் வகுப்பு, மாடலிங் அகாடமி

சேருவதற்கு முன் டைம்டேபிளைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் நடைக்கு மட்டும் எத்தனை, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர். இருபது பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக நடந்தால் ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் பங்கு மூன்று நிமிஷம், அதற்கு மேல் கணக்குப் போட்டாலும் வராது. மீதி நேரத்தில் சருமப் பராமரிப்பு, பேச்சுப் பயிற்சி, கத்தி முள்கரண்டி பிடிப்பது என்று போகும். அதெல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. நீங்கள் தேடி வந்தது அதுதானா என்றுதான் கேட்கிறேன்.

பெரிய செலவு ஃபீஸில் இல்லை, போர்ட்ஃபோலியோவில் இருக்கிறது. கோர்ஸ் முடியும் சமயத்தில் "போட்டோஷூட் இல்லாமல் யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்று ஆரம்பிப்பார்கள், அது ஃபீஸைத் தாண்டிப் போய்விடும். உண்மையில் புதுமுகம் ஒருவரை ஏஜென்சி பார்க்கும்போது முதலில் கேட்பது மேக்கப் இல்லாமல், எளிய உடையில், பகல் வெளிச்சத்தில் எடுத்த சில படங்களும் ஒரு நடை வீடியோவும்தான். போனிலேயே எடுத்துவிடலாம். ஒழுங்கான ஏஜென்சிக்கு வருமானம் நீங்கள் வாங்கும் வேலையிலிருந்து எடுக்கும் கமிஷனில் வரும். பதிவுக் கட்டணம் கட்டு, அப்புறம் வேலை தருகிறோம் என்றால் அங்கே நீங்கள் மாடல் இல்லை, வாடிக்கையாளர்.

சர்டிஃபிகேட்டும் அப்படித்தான். ஆடிஷனில் அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, நடந்து காட்டு என்பார்கள், அவ்வளவுதான்.

சரி, யாருக்கு இது பொருந்தும்? நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சப்படுகிறவர்களுக்கு. தெரியாத இருபது பேர் உட்கார்ந்து பார்க்க வாரா வாரம் நடப்பதே பாதி வைத்தியம், அதை வீட்டு ஹால் தராது. சொந்தமாக உயர்த்திய ரேம்ப், விளக்கு வைத்திருக்கும் இடமாகவும், சொல்லித் தருபவர் இப்போதும் ஷோக்களில் வேலை செய்பவராகவும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வகுப்பை இலவசமாகப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

கல்லூரி மேடை

நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான், காரணம் மேடை நிஜம். ஜிம்னேஷியத்தில் பலகை அடித்து, மேலே கார்ப்பெட் விரித்து, இரண்டு பக்கமும் விளக்கு நட்டு, முன்னால் ஆயிரம் பேர் கத்திக்கொண்டு இருக்கும்போது நடப்பதற்கு இணையான பயிற்சியை யாரும் காசுக்கு விற்க முடியாது. கார்ப்பெட்டுக்கு அடியில் பிளைவுட் பலகைகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், மெல்லிய ஹீல் சரியாக அங்கே போய் இறங்கும். ரிகர்சல் நாளில் வெறுங்காலோடு ரேம்ப் முழுக்க ஒரு நடை நடந்து அந்த இடங்களைக் காலாலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்பவர்கள் விவரமானவர்கள். எதிரே அடிக்கும் விளக்கில் ரேம்பின் விளிம்பு தெரியாது என்பதும் ஏறி நின்றால்தான் புரியும். வீட்டில் இதைப் பழக வேண்டுமென்றால் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை முகத்துக்கு நேரே வைத்துவிட்டு நடந்து பாருங்கள்.

ஷூ விஷயத்திலும் மேடை நிறையச் சொல்லித்தரும். ஸ்பான்சர் தரும் செருப்பு உங்கள் அளவில் இருக்கவே இருக்காது. பெரிதாக இருந்தால் முனையில் பஞ்சோ டிஷ்யூவோ அடைப்பது, புது செருப்பு வழுக்கினால் அடிப்பாகத்தில் உப்புத்தாள் தேய்ப்பது அல்லது மாஸ்கிங் டேப் ஒட்டுவது, இதையெல்லாம் பேக்ஸ்டேஜில் நிற்கும் அக்காக்களும் அண்ணன்களும் சொல்லித் தருவார்கள்.

குறைகளும் உண்டு. கோரியோகிராஃபரின் கவலை பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் சரியான இடத்தில் நிற்கிறார்களா என்பது, உங்கள் முழங்கால் மடிகிறதா என்பது அவர் லிஸ்ட்டில் கடைசி. கல்லூரி ஷோ பாணியே நாடகத்தனமானது. தீம், திடீர் போஸ், கோட்டைக் கழற்றி வீசுவது எல்லாம் கைதட்டல் வாங்கும், ஆனால் அதே பழக்கத்தோடு பெரிய ஆடிஷனுக்குப் போனால் முதல் வேலை அதை மறப்பதுதான். செலவே இல்லை என்றும் நினைக்காதீர்கள். காஸ்ட்யூம் வாடகையில் பங்கு, ரிகர்சலுக்காகப் போகும் அட்டெண்டன்ஸ், ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்து ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் ஓடுவது எல்லாம் செலவுதான். கல்லூரி முடித்துவிட்டவர்களுக்கு இந்தக் கதவு மூடிவிட்டதா என்றால், முழுக்க இல்லை. டிசைன் படிக்கும் மாணவர்களுக்குத் தங்கள் உடையைப் போட்டு நடக்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். சென்னையில் தரமணி நிஃப்ட் (ஃபேஷன் படிப்புக் கல்லூரி) மாதிரி இடங்களில் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

தனிப் பயிற்சியாளர்

மணிக்கணக்கில் பார்த்தால் நான்கில் விலை அதிகம், பலனைக் கணக்கிட்டால் பல சமயம் இதுதான் மலிவு. நடை பற்றித் தெரிந்தவர் ஒருவர் முன்னால் பத்து முறை நடந்தால் போதும், மூச்சைப் பிடிக்கிறீர்களா, இடது தோள் இறங்குகிறதா, வலது பாதம் வெளியே திரும்புகிறதா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். மாதக்கணக்கில் கோர்ஸ் மாதிரி வாங்காதீர்கள். ஒரு மணி நேரம் போய், சொன்னதை இரண்டு மூன்று வாரம் வீட்டில் பழகி, மறுபடி ஒரு மணி நேரம் போங்கள். வீடியோ அழைப்பிலும் இது ஓரளவு நடக்கும், கேமராவைத் தள்ளி வைத்து முழு உடம்பும் தெரியும்படி நடக்க இடம் இருந்தால்.

அழகிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட கட்டாயம். பிலிப்பைன்ஸில் ஏஸஸ் அண்ட் குவீன்ஸ், காகன்டஹாங் ஃபுளோரெஸ் என்று இதற்கென்றே பயிற்சி முகாம்கள் இருக்கின்றன, கேட்ரியோனா கிரே முதலாவதில் பழகியவர். அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஃபெமினா மிஸ் இந்தியா மாதிரி போட்டிகளில் மாநில அளவில் தேர்வானவர்களுக்கு இறுதிச் சுற்றுக்கு முன் போட்டி நடத்துபவர்களே பயிற்சி தருகிறார்கள். 2018இல் பட்டம் வென்ற அனுகீர்த்தி வாஸ் திருச்சிக்காரர், தமிழ்நாட்டின் சார்பில் போய் நின்றவர். அதாவது தேர்வு வரைக்குமான நடைக்குத்தான் நீங்கள் உங்கள் கைக்காசைப் போட வேண்டும், கிரீடத்துக்கான நடைக்கு இல்லை.

கவனிக்க வேண்டியது ஆள் தேர்வு. இந்தத் தொழிலில் யாரும் 'கோச்' என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். அவர் பயிற்றுவித்தவர்கள் மேடையில் நடந்த வீடியோவைக் கேளுங்கள், அவர் நடந்த வீடியோவை அல்ல. முதல் வகுப்புக்கு யாரையாவது கூட அழைத்துப் போங்கள், தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்கிறாரா பாருங்கள், உங்கள் வீடியோவை அவர் தன் விளம்பரத்துக்குப் போடலாமா என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். இதற்கெல்லாம் சங்கடப்படுகிற பயிற்சியாளர் வேண்டவே வேண்டாம்.

பரதம் தெரிந்தவர்களுக்கும் வேட்டி கட்டுகிறவர்களுக்கும்

பரதம் கற்றவர்கள் "எனக்கு மேடை புதிதில்லை" என்று வருவார்கள், உண்மைதான், கூட்டத்தைக் கண்டு கை நடுங்காது, சமநிலையும் அருமையாக இருக்கும். ஆனால் அரைமண்டியில் வருஷக்கணக்காக நின்ற பாதம் நடக்கும்போதும் வெளிப்பக்கம் திரும்பியே விழும், முகம் தானாக பாவம் காட்டும். இவர்களுக்கு வகுப்பு வேண்டாம், தனிப் பயிற்சி ஒன்றிரண்டு மணி நேரம் போதும்.

பையன்களுக்கு ஹீல்ஸ் தொல்லை இல்லை என்றாலும் தோளை ஆட்டி ஆட்டி நடக்கும் தொல்லை உண்டு. வேட்டியில் பெரிய எட்டு வைத்தால் முன்பக்கம் விலகும், பயத்தில் சின்ன எட்டு வைத்தால் பூசாரி நடை ஆகிவிடும். அதனால் அந்த உடையிலேயே, அதைக் கட்டும் அதே முறையிலேயே பழகுங்கள். பட்டுப்புடவைக்கும் லெஹங்காவுக்கும் இதே விதிதான். கீழ்விளிம்பைக் காலால் மெல்ல உதைத்துத் தள்ளிக்கொண்டே முன்னேறுவது என்ற ஒன்று இருக்கிறது, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பழகினால் அது ஜென்மத்துக்கும் வராது.

அப்போ யார் எதை எடுப்பது

ஷோவுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் எந்த வகுப்பிலும் சேராதீர்கள், வீட்டில் தினமும் ஹீல்ஸோடு நடங்கள், ஒரே ஒரு தனி வகுப்பு மட்டும் ஷோவுக்கு ஒரு வாரம் முன்னால். முந்தின நாள் போகாதீர்கள், அப்போது கிடைக்கும் திருத்தம் குழப்பத்தைத்தான் கூட்டும். கல்லூரியில் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் மீதி இருக்கிறது, அவசரமில்லை என்பவர்கள் கிடைக்கிற மேடையிலெல்லாம் ஏறுங்கள். கூச்சம்தான் பிரச்சினை, நேரமும் கையில் காசும் இருக்கிறது என்றால் வகுப்பு.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்துக்கு இந்த நான்கிலும் மருந்து கிடையாது. 1993இல் பாரிஸில் டிசைனர் விவியன் வெஸ்ட்வுட் ஷோவில் சூப்பர்மாடல் நவோமி கேம்ப்பெல் பிரம்மாண்டமான பிளாட்ஃபார்ம் ஷூவில் தடுமாறி உட்கார்ந்தே விட்டார், சிரித்துக்கொண்டு எழுந்து நடந்தார், அந்த ஷூ இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2008இல் மிலானில் இத்தாலிய பிராண்டான பிராடாவின் ஷோவில் தொழில்முறை மாடல்களே விழுந்தார்கள். ஆகவே வீட்டில் மெத்தை விரித்து விழப் பழகுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கால் இடறினால் நிற்காமல் அடுத்த அடியை எடுப்பதையும், செருப்பு கழன்றால் இன்னொன்றையும் கழற்றிவிட்டு முனைக்காலில் நடந்து முடிப்பதையும் ஒருமுறையாவது செய்து பாருங்கள்.

மிச்சம் இருப்பது பெரிய ஃபேஷன் வீக்குகளுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள். உங்களுக்கு வீடும் தனிப் பயிற்சியும் சேர்ந்த வழிதான் சரி, ஆனால் பத்து பைசா செலவு செய்வதற்கு முன் செருப்பில்லாமல் சுவரோடு நின்று தலைக்கு மேல் பென்சில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். அந்த ரேம்புகளில் பெண்களுக்குப் பொதுவாக 5 அடி 8 அங்குலத்துக்கு மேல், ஆண்களுக்கு 6 அடி அளவில் எதிர்பார்க்கிறார்கள், ஆடிஷனில் அவர்களே டேப் வைத்து அளப்பார்கள். 5 அடி 4 அங்குலம் இருக்கும் பெண்ணிடம் "நடையைச் சரிசெய்தால் போதும், ஃபேஷன் வீக் நிச்சயம்" என்று சொல்லி எந்த அகாடமியாவது ஃபீஸ் கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அதே பெண்ணுக்கு நகை விளம்பரம், புடவை ஷோ, உயர வரம்பு தளர்வாக இருக்கும் அழகிப் போட்டிகள் எல்லாம் திறந்திருக்கின்றன, அவற்றுக்கான நடை வேறு என்று மேலேயே சொல்லியாயிற்று.